ஹெட்செட் சர்வீஸுக்குப் பிறகும் ஆட்டம் போகவில்லையா? எங்கே தேடுவது

சைக்கிளின் ஹெட்செட்டை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்ப உதவும் பேரிங் தொகுதியை, பிரித்தாயிற்று. பழைய கிரீஸை வழித்துத் துடைத்து, புது கிரீஸ் வைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டியாயிற்று. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் 'டக் டக்' என்று ஒரு ஆட்டம். மேலே இருக்கும் போல்ட்டைக் கால் சுற்று இறுக்குகிறோம், போகவில்லை. இன்னொரு கால் சுற்று. இப்போது ஹேண்டில்பார் கல் மாதிரி ஆகிவிட்டது, ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்குகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினேன், கடைசியில் பார்த்தால் பேரிங்கில் ஒரு குறையும் இல்லை, அதன்மேல் உட்காரும் பிளவு வளையத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ ஹெட்செட்களைப் பிரித்துப் பார்த்துவிட்டேன், சர்வீஸ் முடிந்த கையோடு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன: தொட வேண்டிய இரண்டு பாகம் தொடாமல் இருக்கும், இல்லையென்றால் தொடக்கூடாத இரண்டு பாகம் உரசிக்கொண்டிருக்கும். போல்ட்டை இறுக்க இறுக்க இது சரியாகாது. அதனால் அலன் கீயைக் கீழே வைத்துவிட்டு முதலில் கண்ணாலும் விரலாலும் தேடுவோம்.

எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்

இரண்டு வகைதான். ஃபோர்க்கின் குழாயில் (இதை ஸ்டியரர் என்பார்கள்) மரை இருந்து, அதில் பெரிய நட்டு இரண்டு ஏறி இறுகினால் அது மரை உள்ள பழைய வகை. ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஸ்டியரரோடு இணைக்கும் துண்டு) பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுடன் ஸ்டியரரைக் கவ்வி, உச்சியில் ஒரு மூடியும் போல்ட்டும் இருந்தால் அது மரை இல்லாத வகை. 1990களுக்குப் பிறகு வந்த மலை சைக்கிள், ரேஸ் சைக்கிள்களில் அநேகமாக இதுதான் இருக்கும். மரை இல்லாததை முதலில் விரிவாகப் பார்க்கிறேன், பழையது கடைசியில் வரும்.

மரை இல்லாத வகையில் ஒரே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. உச்சியில் இருக்கும் டாப் கேப் போல்ட் ஃபோர்க்கைப் பிடித்து வைப்பதற்காக இல்லை. ஸ்டியரருக்குள் மாட்டியிருக்கும் ஸ்டார் நட்டை (பற்களால் குழாயின் உள்சுவரைக் கவ்வும் நட்டு) அது மேலே இழுக்கிறது, அதே நேரம் மூடி ஸ்டெம்மைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஸ்டெம், ஸ்பேசர் (ஸ்டியரரில் கோத்திருக்கும் இடைவளையம்), மேல் கவர், பிளவு வளையம் என்று ஒவ்வொன்றாக இறங்கி மேல் பேரிங்குக்குப் போகிறது. ஃபோர்க் மேலே இழுபடுவதால் கீழ் பேரிங்கும் நெருங்கி உட்காருகிறது. இப்படிப் பதம் வந்தபின் அதைப் பிடித்து வைப்பது ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்கள். இந்த வரிசையில் எங்கே தடை ஏற்பட்டாலும் அழுத்தம் பேரிங் வரை போய்ச் சேராது, நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் சரி.

ஆட்டம் ஹெட்செட்டில்தானா?

முன்பிரேக்கை ஒரு கையால் பிடியுங்கள். இன்னொரு கையின் விரல்களை ஃபிரேமின் தலைக்குழாயும் மேல் கவரும் சேரும் இடைவெளியைச் சுற்றி வைத்து, சைக்கிளை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அப்புறம் கீழே, ஃபோர்க்கின் தோள்பட்டையும் தலைக்குழாயும் சேரும் இடத்தில் வைத்து அசையுங்கள். ஹெட்செட்டில் ஆட்டம் இருந்தால் விரல் நுனிக்கு அது தெளிவாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவுகூடத் தெரியும்.

விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் 'டக்' என்கிறது என்றால் வேறு இடத்தில் தேடுங்கள். டிஸ்க் பிரேக் பேடுகள் காலிப்பருக்குள் கொஞ்சம் நகர்வது சாதாரணம், அது அப்படியே ஹெட்செட் ஆட்டம் மாதிரி இருக்கும். இதைப் பிரித்தறிய ஹேண்டில்பாரை 90 டிகிரி திருப்பி, பிரேக் பிடிக்காமலே சைக்கிளை அழுத்தி அசையுங்கள். குறுக்காக நிற்கும் சக்கரம் உருளாது, அதனால் பிரேக்கே தேவையில்லை, பேடின் ஆட்டமும் குறுக்கிடாது. ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் பக்கவாட்டில் ஆட்டினால் ஹப் ஆட்டம் வெளிப்படும். சஸ்பென்ஷன் ஃபோர்க்காக இருந்தால் மேல் கால் கீழ் காலுக்குள் நுழையும் இடத்திலும் விரலை வைத்துப் பாருங்கள், உள்ளே புஷ் தேய்ந்திருந்தால் ஆட்டம் அங்கே இருக்கும். முன் சக்கரத்தின் அச்சு சரியாக இறுகியிருக்கிறதா என்பதையும் மறக்காமல் பார்த்துவிடுங்கள்.

ஆட்டம் போகவே மாட்டேன் என்கிறது

சரி, ஹெட்செட்தான் என்று உறுதியாகிவிட்டது. முதல் கேள்வி: டாப் கேப்பை இறுக்கும்போது ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்தினீர்களா? அவை இறுகியிருந்தால் ஸ்டெம் ஸ்டியரரை இறுகக் கவ்வியிருக்கும், கீழே நகராது. மேலே போல்ட்டை இறுக்குவது ஸ்டார் நட்டைப் பிய்த்து எடுக்கும் வேலையாகத்தான் முடியும்.

அடுத்து டாப் கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஸ்டியரரின் உச்சி, ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு (அதற்குமேல் ஸ்பேசர் இருந்தால் ஸ்பேசரின் விளிம்புக்கு) 2 முதல் 3 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இரண்டும் சமமாகவோ, ஸ்டியரர் உயர்ந்தோ இருந்தால் மூடி ஸ்டியரரின்மேல் போய் உட்கார்ந்துவிடும், ஸ்டெம்மை அழுத்தாது. சர்வீஸின்போது ஒரு ஸ்பேசரை மறந்துவிட்டாலோ, மெல்லிய ஸ்டெம் மாற்றினாலோ இது வரும். ஒரு ஸ்பேசர் கூட்டினால் போதும். அதற்காக நிறையக் கூட்டிவிடாதீர்கள், ஸ்டியரர் மிகவும் உள்ளே போய்விட்டால் ஸ்டெம்மின் மேல் போல்ட் வெறுங்காற்றைக் கவ்வும், அது ஆபத்து.

போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை என்றால் ஸ்டார் நட் மேலே நழுவி வருகிறது என்று அர்த்தம். மரை தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். பழையதை வெளியே இழுக்கப் போராட வேண்டாம், இன்னும் ஆழமாகத் தட்டி இறக்கிவிட்டு, புதிய ஒன்றை ஸ்டியரர் உச்சியிலிருந்து சுமார் 15 மில்லிமீட்டர் ஆழத்தில் நேராக இறக்குங்கள். நேராக என்பது முக்கியம், சாய்ந்து இறங்கினால் போல்ட் கோணலாக ஏறி மரையைத் தின்றுவிடும். கார்பன் ஸ்டியரருக்கு ஸ்டார் நட் கூடவே கூடாது, அதன் பற்கள் கார்பன் இழையைக் கீறிவிடும். உள்ளே விரிந்து பிடிக்கும் பிளக்தான் அதற்கு.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஸ்டெம்மைக் கழற்றி, மேல் கவரைத் தூக்குங்கள். ஃபோர்க்கைக் கையால் பிடித்துக்கொண்டே செய்யுங்கள், ஸ்டெம் வந்ததும் அது நழுவிக் கீழே விழும். கவருக்குக் கீழே ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வளையம் இருக்கும், ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு பேரிங்கின் உள்பக்கச் சரிவில் ஆப்பு மாதிரி இறங்கி, ஸ்டியரரைச் சுற்றி இறுகி, குழாய்க்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள சந்தை அடைக்கிறது. இந்த வளையம் விடுபட்டாலோ தலைகீழாக இருந்தாலோ ஸ்டியரர் பேரிங்குக்குள் சும்மா ஆடிக்கொண்டே இருக்கும். பார்க்க அற்பமான பாகம், துடைக்கும்போது துணியோடு போய்விடும், ஆனால் நான் பார்த்த ஆட்டங்களில் பாதி இதனால்தான்.

கார்ட்ரிட்ஜ் பேரிங் (குண்டுகள் உள்ளேயே அடைபட்டு ஒரே துண்டாக வரும் வகை) என்றால் அதையும் தலைகீழாகப் போட முடியும். பேரிங்கின் உள்விளிம்பில் ஒரு சரிவும் வெளிவிளிம்பில் ஒரு சரிவும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். மேல் பேரிங்கில் உள்விளிம்புச் சரிவு மேலே பார்க்க வேண்டும், வளையம் அதில்தான் இறங்கும். கீழ் பேரிங்கில் அதே சரிவு கீழே பார்க்க வேண்டும், ஃபோர்க்கில் உள்ள கிரவுன் ரேஸ் அதில் உட்காரும். மாற்றுப் பேரிங் வாங்கியிருந்தால் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களைப் பழையதோடு ஒப்பிடுங்கள். 41 மில்லிமீட்டரும் 41.8 மில்லிமீட்டரும் கையில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஃபிரேமுக்குள் போனால் சின்னது ஆடும். விட்டம் மட்டுமில்லை, சரிவின் கோணமும் 36, 45 டிகிரி என்று மாறும், அதுவும் பொருந்த வேண்டும்.

கீழே கிரவுன் ரேஸையும் பாருங்கள். ஃபோர்க்கின் தோளோடு சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கைப் பின்னால் பிடித்தால் எங்காவது வெளிச்சக் கீற்று தெரிகிறதா? தெரிந்தால் முழுதாக இறங்கவில்லை, நீங்கள் ஓட்ட ஓட்ட அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இன்று சரிசெய்த ஆட்டம் நாளை திரும்ப வரும்.

இறுக்கினால் கல், தளர்த்தினால் ஆட்டம்

நடுவில் ஒரு பதமே கிடைக்கவில்லை என்கிற நிலை இது. பெரும்பாலும் மேல் கவர் ஃபிரேமின்மேலோ, பேரிங் உட்காரும் கிண்ணமான கப்பின்மேலோ உரசுகிறது. கவருக்கும் அதற்குக் கீழே உள்ள பாகத்துக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு சந்து சுற்றிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் டாப் கேப்பின் அழுத்தம் முழுக்க ஃபிரேமில் இறங்குகிறது, பேரிங் சும்மா கிடக்கிறது. பிளவு வளையத்துக்கும் கவருக்கும் நடுவில் 0.25 மில்லிமீட்டர் மெல்லிய வாஷர் ஒன்றோ இரண்டோ போட்டால் கவர் உயர்ந்துவிடும். இதற்கென்றே விற்கிறார்கள். வாஷர் போடுவதற்கு முன் பேரிங் உட்காரும் இடத்தில் மண்ணோ பழைய கிரீஸ் கட்டியோ இல்லையே என்று விரலால் தடவிப் பாருங்கள். தூசித் தடுப்பு ரப்பர் மடங்கி மாட்டிக்கொண்டிருந்தாலும் இதே தொல்லைதான்.

திருப்பும்போது ஒரு கோணத்தில் இறுக்கம், இன்னொரு கோணத்தில் லூஸ் என்றால் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது: கப் சாய்ந்து இறங்கியிருக்கலாம், கிரவுன் ரேஸ் ஒரு பக்கம் தூக்கியிருக்கலாம், எங்காவது மோதி ஸ்டியரர் வளைந்திருக்கலாம், தலைக்குழாயின் விளிம்பே சமமாக இல்லாமலும் இருக்கலாம். முதல் இரண்டையும் வீட்டில் சரிசெய்ய முடியும். விளிம்பைச் சீவிச் சமமாக்க அதற்கென உள்ள கருவி வேண்டும், அரத்தை எடுத்து ராவாதீர்கள். வளைந்த ஸ்டியரரை நிமிர்த்தக் கூடாது, ஃபோர்க்கை மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று, ஹேண்டில்பாரை விட்டதும் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் பேரிங்கைக் குறை சொல்வதற்கு முன் கேபிள்களைப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு கேபிள் தவறான பக்கமாகப் போயிருக்கும், அல்லது நீளம் போதாமல் ஸ்பிரிங் மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும்.

நேராக வைத்தால் பள்ளத்தில் விழுவதுபோல்

சைக்கிளைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது, நடுவில் நேராக வரும் இடத்தில் 'கிளிக்' என்று உட்காருகிறதா? இது மட்டும் உண்மையிலேயே தேய்மானம். ஹெட்செட் மற்ற பேரிங்குகள் மாதிரி சுற்றிச் சுற்றி ஓடுவது கிடையாது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனாலும் பெரும்பாலான நேரம் நேராகவே நின்று, சாலையின் அதிர்வை அதே புள்ளிகளில் வாங்குகிறது. குண்டுகளுக்குக் கீழே இருக்கும் கிரீஸ் ஒதுங்கிப்போய், இரும்பும் இரும்பும் நுண்ணிய அளவில் உரசி, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது. கிரீஸ் வைத்தாலும் பள்ளம் நிரம்பாது, தளர்த்தினால் பள்ளம் தெரியாது ஆனால் ஆட்டம் வந்துவிடும். கார்ட்ரிட்ஜ் என்றால் பேரிங்கை மாற்றிவிடுங்கள். சாதாரணமாகக் கீழ் பேரிங்தான் முதலில் போகும், அடியும் அதற்குத்தான் அதிகம், முன் சக்கரம் அடிக்கும் தண்ணீரும் அதற்குத்தான்.

தனிக்குண்டு போடும் பழைய வகையில், புது ஹெட்செட் கிடைக்கும்வரை ஓட்ட ஒரு வழி இருக்கிறது. கூட்டுக்குள் கோத்த குண்டுகளை எடுத்துவிட்டு அதே அளவுள்ள தனிக்குண்டுகளைப் போடுங்கள். எண்ணிக்கை கூடிவிடுவதால் எல்லாக் குண்டும் ஒரே நேரத்தில் பழைய பள்ளங்களில் விழாது, திருப்புவது நன்றாகவே வழுவழுப்பாகும். கப் முழுக்க நிரப்பிவிட்டு ஒன்றை எடுத்துவிட வேண்டும், குண்டுகளுக்கு நகர இடம் வேண்டும். அளவு பெரும்பாலும் 5/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், ஆனால் பழையதை அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கூட்டோடு போடுவதானால் எந்தப் பக்கம் மேலே என்பதில் எல்லோருக்கும் குழப்பம் வரும். பிரிக்கும்போதே ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுவது நல்லது. எடுக்கவில்லையா, கிரீஸ் இல்லாமல் இரண்டு பக்கமும் மாற்றி வைத்துச் சுற்றிப் பாருங்கள்: சரியான பக்கத்தில் குண்டு மட்டும் தொடும், வழுவழுவென்று ஓடும், தவறான பக்கத்தில் கூட்டின் தகடு உரசி 'கரகர' என்னும்.

பேரிங் நல்லது, ஆனால் கிரீச்

கிரீச் சத்தத்தை நம்பி ஹெட்செட்டைப் பிரிக்காதீர்கள். ஃபிரேம் குழாய்கள் சத்தத்தைக் கடத்தும், எங்கோ வருவது இங்கே வருவதுபோல் கேட்கும். முன்சக்கரத்தைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை முறுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் ஸ்டெம், ஹேண்டில்பார் கவ்வும் இடம், ஸ்பேசர் இவற்றில் ஒன்று. கழற்றித் துடைத்து, போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, சொன்ன அளவு இறுக்கினால் அநேகமாகப் போய்விடும். முறுக்கும்போது வராமல் பிரேக் பிடித்து அசைக்கும்போது மட்டும் வருகிறதென்றால், கப் ஃபிரேமுக்குள் அழுந்தியிருக்கும் இடம், அல்லது கப்பே இல்லாத ஃபிரேம்களில் பேரிங்கின் வெளிப்பக்கம் காய்ந்துபோயிருக்கும். உலோக ஃபிரேமில் அங்கே மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். கப் வெறும் கையால் சுற்றுகிறது, அல்லது தலைக்குழாயில் விரிசல் கோடு தெரிகிறது என்றால் அந்த சைக்கிளை ஓட்டாதீர்கள்.

ஃபோர்க் இறங்க மாட்டேன் என்கிறது

ஸ்டெம்மைக் கழற்றியும் ஃபோர்க் அசையாமல் நிற்கும். அந்தப் பிளவு வளையம் துருவோடு ஆப்பாக இறுகியிருக்கும். ஸ்டியரரின் உச்சியில் ரப்பர் சுத்தியால் நேராக, அளவாகத் தட்டுங்கள், இன்னொரு கை கீழே ஃபோர்க்கைப் பிடித்திருக்கட்டும். இரும்புச் சுத்தி வேண்டாம், உச்சி விரிந்துவிட்டால் ஸ்டெம் திரும்ப நுழையாது. வளையத்தின் வெட்டில் துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் பொறுத்தால் கல் மாதிரி நின்றதும் இளகிவிடும். வந்தபின் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள், பேரிங்குக்குள் போனால் கிரீஸைக் கரைத்துவிடும். அதே காரணத்துக்காகக் கார்ட்ரிட்ஜ் பேரிங்கை மண்ணெண்ணெயில் முக்கி ஊறவைக்கவும் கூடாது.

மரை உள்ள பழைய வகை

இதில் பதம் வைப்பது மேல் கப்பை மரையில் ஏற்றி இறக்குவதால், அதைப் பூட்டுவது உச்சியில் உள்ள நட்டால். இரண்டு ஸ்பேனர் வேண்டும், 1 அங்குல ஸ்டியரருக்குப் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர், தகடு மாதிரி மெல்லியது. எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: கையால் சரியாகப் பதம் வைத்துவிட்டு நட்டை இறுக்கியதும் பதம் மாறிவிடும். நட்டு இறுகும்போது மரையில் உள்ள சந்து மூடி, கப் ஒரு மயிரிழை கீழே போகிறது, அதனால் இறுக்கமாகிறது. பூட்டுவதற்கு முன் கொஞ்சம் லூஸாகவே விட்டு, ஒரு ஸ்பேனரால் கப்பை நகராமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்குங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் கை பழகிவிடும். நடுவில் உள்ள வாஷரில் ஒரு சின்னப் பல் இருக்கும், அது ஸ்டியரரின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பல் உடைந்து வாஷர் சுற்றினால் பதம் நிற்கவே நிற்காது. ஸ்டெம்மைத் திரும்ப இறக்கும்போது அதில் கீறியிருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியக் கூடாது.

மரை இல்லாத வகைக்குக் கடைசி வரிசை: பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்துங்கள், டாப் கேப்பை ஆட்டம் போகும் வரை மட்டும் கால் கால் சுற்றாக இறுக்குங்கள், ஸ்டெம்மை முன்சக்கரத்தோடு நேராக்குங்கள், அப்புறம் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி, ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். நிறைய ஸ்டெம்களில் அது 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். கார்பன் ஸ்டியரரில் கவ்வும் இடத்தில் கிரீஸ் கூடாது, கார்பனுக்கான பேஸ்ட் போடலாம். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து சைக்கிளை லேசாகச் சாய்த்தால் ஹேண்டில்பார் தன் எடையால் இரண்டு பக்கமும் தடையில்லாமல் விழ வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் விரலை அந்த இடைவெளியில் வைத்து இன்னொரு முறை அசைத்துப் பாருங்கள், புதிதாக மாட்டிய பாகங்கள் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்திருக்கும், கால் சுற்று கேட்கும்.